ஏர் டிரிலா, கரண்ட் டிரிலா, பேட்டரி டிரிலா: கொங்குப் பட்டறைகளுக்கு எது பாதுகாப்பு?

கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டும் பட்டறை, கோவை கணபதியில் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் சிறு கூடம், திருப்பூர்ச் சாயப்பட்டறையின் பராமரிப்புப் பிரிவு, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளைப் பழுது பார்க்கும் இடம் என்று கொங்கு நாட்டில் எங்கே போனாலும், கையில் பிடித்துத் துளையிடும் டிரில் இல்லாத தொழிலிடம் அரிது. புதிதாக ஒன்று வாங்கும்போது விலை பேசப்படுகிறது, வேகம் பேசப்படுகிறது, பழுதானால் எங்கே கொடுப்பது என்பதும் பேசப்படுகிறது. அதை யார் கையில் கொடுக்கப் போகிறோம், அவர் எந்தத் தரையில் நின்று, எவ்வளவு நேரம் வேலை செய்யப் போகிறார் என்பது பெரும்பாலும் வாங்கிய பிறகே நினைவுக்கு வருகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை முன்னால் வைத்து, காற்றழுத்தத்தில் ஓடும் ஏர் டிரிலை, 230 வோல்ட் கரண்ட் டிரிலோடும் 18 வோல்ட் பேட்டரி டிரிலோடும் ஒப்பிடுகிறது.

ஏர் டிரில் ஷாக் அடிக்காது, ஆகவே அதுவே பாதுகாப்பானது என்ற எண்ணம் பட்டறைகளில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, கம்ப்ரசர் தொட்டியிலிருந்து, துளையிடும் பிட்டின் நுனி வரை உள்ள குழாய், அதை இணைக்கும் கப்ளர், வளையும் ஹோஸ், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஆகிய எல்லாவற்றின் நிலையையும் பொறுத்தது. இந்த வரிசையைப் பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில் ஏர் டிரில் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈரமும் இரும்புத்தூளும் உள்ள இடங்கள்

முதலில் அந்த உண்மையான பாதியைப் பார்ப்போம். சாயப்பட்டறையின் தரை எப்போதும் நனைந்தே இருக்கும். அந்த நீரில் சாயம் ஏற்றுவதற்காகச் சேர்த்த உப்பும் கலந்திருப்பதால் மின்சாரம் அதில் எளிதாகப் பாயும். பம்பு செய்யும் கூடங்களில் மோட்டாரைத் தண்ணீரில் ஓட்டிச் சோதிக்கும் தொட்டியைச் சுற்றியும் இதே நிலைதான். இத்தகைய இடங்களில், எர்த் இல்லாத இரண்டு கம்பி ஒயரோடு, பல இடங்களில் டேப் சுற்றிய பழைய இரும்பு உடல் கரண்ட் டிரிலைப் பயன்படுத்துவது உயிரைப் பணயம் வைக்கும் செயல். இரட்டை இன்சுலேஷன் உள்ள புதிய டிரிலும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் இந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கின்றன என்பது சரியே. ஆனாலும் ஒயர் தரையில்தான் கிடக்கிறது; அதன்மேல் டிராலி ஏறுகிறது; தகட்டின் கூர்முனை அதை அறுக்கிறது. ஏர் டிரிலின் கைப்பிடிக்கு மின்சாரமே வருவதில்லை. பேட்டரி டிரிலில் வருவது மிகக் குறைந்த மின்னழுத்தம். ஆகவே ஈரமான தரையில் கரண்ட் டிரிலுக்கு நான் இடம் தர மாட்டேன்.

வார்ப்பாலைகளில் வேறொரு காரணமும் சேர்கிறது. கரண்ட் டிரில் தன் மோட்டாரைக் குளிர்விக்க அறையின் காற்றை உள்ளே இழுக்கிறது. வார்ப்பிரும்பைத் துளைக்கும்போது வரும் கரிய தூளில் இரும்பும் கிராஃபைட்டும் இருக்கின்றன. இரண்டுமே மின்சாரத்தைக் கடத்துபவை. அந்தத் தூள் உள்ளே போய்ப் படியப் படிய கார்பன் பிரஷ் தேய்கிறது, மோட்டாரின் உட்புறத்தில் கசிவுப் பாதை உருவாகிறது. பேட்டரி டிரிலுக்கும் காற்றுத் துளைகள் உண்டு என்பதால் அதுவும் இதிலிருந்து முற்றாகத் தப்புவதில்லை. ஏர் டிரிலிலோ உள்ளிருந்து வெளியேதான் காற்று வீசுகிறது. வெளித்தூள் மோட்டாருக்குள் போக வழியில்லை. கோவையின் வார்ப்பாலைகளில் ஏர் கருவிகள் நிலைத்திருப்பதற்கு இது ஒரு வலுவான காரணம்.

மணிக்கட்டைத் திருகும் விசை

டிரிலால் ஏற்படும் காயங்களில் ஒன்று மணிக்கட்டு திருகிக்கொள்வது. பிட் தகட்டைக் கடந்து மறுபக்கம் வெளியேறும் அந்த நொடியைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். அதுவரை பிட்டின் நுனி மெதுவாகச் சீவிக்கொண்டு போகிறது. அடியில் காகிதம் போல் மெலிந்த ஒரு படலம் மிஞ்சும்போது, தள்ளிக்கொண்டிருக்கும் கையின் பலத்தில் பிட் சட்டென்று முன்னே பாய்கிறது. அதன் வெட்டும் இரு உதடுகளும் அந்தப் படலத்தின் பிசிறில் மாட்டிக்கொள்கின்றன. பிட் நின்றுவிட்டால் டிரில் சுழல முயல்கிறது. அப்போது எதிர்ப்பது கை ஒன்றுதான்.

இந்த இடத்தில் மூன்று கருவிகளும் பெரிதும் வேறுபடுகின்றன. அரைக் குதிரைத்திறனும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்றும் உள்ள 10 மில்லிமீட்டர் ஏர் டிரில், முற்றிலும் சிக்கி நிற்கும்போது தரும் திருகுவிசை ஏறத்தாழ 7 நியூட்டன் மீட்டர். 18 வோல்ட் பேட்டரி டிரில்களில் பல, குறைந்த கியரில் 50 முதல் 60 நியூட்டன் மீட்டர் வரை தருகின்றன. கைப்பிடியைப் பற்றும் உள்ளங்கை, பிட்டின் அச்சிலிருந்து ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதலாவது கருவி கையை 6 கிலோ எடைக்குச் சமமான பலத்தோடு தள்ளும். இரண்டாவது 40 கிலோவுக்கு மேல் தள்ளும். முன்னதை ஒரு கையால் தாங்கலாம். பின்னதை எவராலும் ஒரு கையால் தாங்க முடியாது. பேட்டரி டிரிலின் முன்பக்க வளையத்தில் எண்கள் போட்ட கிளட்ச் இருக்கிறதே என்று கேட்கலாம். பெரும்பாலான மாடல்களில் வளையத்தை டிரில் படத்துக்குத் திருப்பியவுடன் அந்தக் கிளட்ச் விலகிவிடுகிறது. அது திருகாணி முடுக்குவதற்கானது. சில உயர்விலை மாடல்களில் டிரில் திடீரெனச் சுழன்றால் மோட்டாரை நிறுத்தும் உணர்வி இருக்கிறது. பேட்டரி டிரிலைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்த வசதிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும் என்பது என் கருத்து. பக்கவாட்டுக் கைப்பிடியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போகும் வழக்கத்தை மேற்பார்வையாளர் அனுமதிக்கவே கூடாது.

ஏர் டிரில் சிக்கினால் அப்படியே நின்றுவிடும், கருகாது. ஆனால் டிரிலை ஓட்டும் விசையை (டிரிகரை) அழுத்தியபடியே இருந்தால் உள்ளே காற்றின் அழுத்தம் முழுதாக நிற்கிறது. பிட்டை அசைத்து விடுவிக்கும் கணத்தில் அது மீண்டும் சுழலத் தொடங்கும். ஆகவே சிக்கிய உடனே விரலை எடுத்துவிட்டுத்தான் பிட்டைத் தொட வேண்டும். நிமிடத்துக்கு 500 சுற்று போன்ற குறைவேக ஏர் டிரில்களில் கியர் காரணமாகத் திருகுவிசை பல மடங்கு கூடுகிறது என்பதால், மேற்சொன்ன ஆறுதல் அவற்றுக்குப் பொருந்தாது. அவற்றுக்கும் பக்கக் கைப்பிடி கட்டாயம்.

எந்தக் கருவியானாலும், சிறு தகட்டைக் காலால் மிதித்தோ இன்னொருவர் கையால் பிடித்தோ துளையிடக் கூடாது. வைஸிலோ சி கிளாம்பிலோ இறுக்க வேண்டும். சென்டர் பஞ்சால் குறி அடிக்க வேண்டும். பெரிய துளைக்கு முன் சிறிய துளை போட வேண்டும். பிட் மறுபக்கம் வெளிவரும் நேரத்தில் தள்ளும் பலத்தைக் குறைக்க வேண்டும்.

காற்று வரும் வழி

ஏர் டிரிலின் ஆபத்துகள் பெரும்பாலும் டிரிலில் இல்லை. அதற்குக் காற்று வரும் வழியில் இருக்கின்றன. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பெரும்பாலான ஏர் டிரில்கள் 90 பிஎஸ்ஐ, அதாவது பட்டறைப் பேச்சில் ‘ஆறு கிலோ’ அழுத்தத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. அந்த அழுத்தம் டிரில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வாயில் இருக்க வேண்டும். ஆனால் நாம் பார்க்கும் மீட்டரோ கம்ப்ரசர் தொட்டியில் இருக்கிறது. இடையில் நீளமான, உட்துளை சிறிதான ஹோஸ் இருந்தால் அழுத்தம் வழியிலேயே குறைந்து, டிரில் ‘இழுக்கவில்லை’ என்ற புகார் வருகிறது. உடனே கம்ப்ரசரின் அழுத்தத்தை எட்டு, ஒன்பது கிலோ என்று ஏற்றிவிடுகிறார்கள். அதே வரிசையில் உள்ள மற்றவர்கள் கருவியை நிறுத்தும்போது முழு அழுத்தமும் ஒரே டிரிலுக்கு வந்துசேர்கிறது. சுமையில்லாமல் சுழலும் டிரில், தனக்குக் குறித்த வேகத்தை மீறி ஓடுகிறது. பிட் உடைந்து தெறிப்பதும் பேரிங் போவதும் இதனால் நிகழக்கூடியவை. இதற்குத் தீர்வு, 10 மில்லிமீட்டர் உட்துளை உள்ள ஹோஸ், இயன்றவரை குறைந்த நீளம், ஒவ்வொரு முனையிலும் தனி ரெகுலேட்டர். அழுத்தத்தை ஏற்றுவது தீர்வாகாது.

கரூர், ஈரோடு பக்கத்துக் கோடையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். கரூர் பரமத்தியில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. தகரக் கூரையின் கீழ் அதைவிடவும் சூடு. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிவிசி குழாயைக் கட்டுக்கம்பியால் முறுக்கி நிப்பிளில் மாட்டியிருந்தால், அந்தச் சூட்டில் குழாய் இளகி, கம்பியின் பிடி தளர்ந்து, அழுத்தத்தோடு கழன்றுவிடும். கழன்ற ஹோஸின் முனை தாறுமாறாகச் சுழன்று அடிக்கும். அதன் நுனியில் பித்தளைக் கப்ளர் இருந்தால் கண்ணையோ பல்லையோ பறிக்கும். காற்றழுத்தத்துக்கென்றே செய்த நூலிழைப் பின்னல் உள்ள ரப்பர் ஹோஸும், தொழிற்சாலையிலேயே அழுத்திப் பொருத்திய முனைகளும், இணைப்பின் இருபுறமும் மாட்டும் பாதுகாப்புக் கம்பியும் இந்த ஒரு விபத்துக்காகவே இருப்பவை. அமெரிக்கக் கட்டுமான விதிகள், அரை அங்குலத்துக்கு மேல் உட்துளை உள்ள ஹோஸ் அறுந்தால் காற்றைத் தானே குறைக்கும் வால்வு வேண்டும் என்று சொல்கின்றன. சிறிய ஹோஸுக்கும் அதைப் பொருத்துவது நல்லது.

பிட் மாற்றும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். வால்வை அடைத்தாலும் ஹோஸுக்குள் இருக்கும் காற்று, டிரிலைச் சில சுற்றுகள் சுழற்றப் போதுமானது. பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் விரல் இருக்கும்போது அந்தச் சில சுற்றுகள் போதும், விரல் போய்விடும். தூணருகே நிற்கும் உதவியாளர் “அடைச்சாச்சுங்ண்ணா” என்று குரல் கொடுத்ததும் சக் கீயை எடுக்கக் கூடாது. பிட்டை யாருமில்லாத பக்கம் காட்டி, விசையை அழுத்தி, சீறல் முழுவதும் அடங்கும் வரை காத்திருந்து, கப்ளரைக் கழற்றிய பிறகே சக்கைத் தொட வேண்டும். பேட்டரி டிரிலில் இதே வேலை பேட்டரியை உருவி எடுப்பதோடு முடிகிறது. கரண்ட் டிரிலில் பிளக்கைப் பிடுங்குவதோடு முடிகிறது. இந்த ஒரு விஷயத்தில் அவ்விரண்டும் ஏர் டிரிலைவிட எளிமையானவை. பிட்டை அடிக்கடி மாற்றும் வேலைக்குக் கருவி தேர்ந்தெடுப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வீசும் மாதங்களில் கம்ப்ரசர் தொட்டியின் அடியில் அதிகத் தண்ணீர் சேரும். நாள்தோறும் தொட்டியின் அடியில் உள்ள வடிகால் வால்வைத் திறந்து அதை வெளியேற்றாவிட்டால், அது டிரிலுக்குள் போய் இரும்பு உட்பாகங்களைத் துருப்பிடிக்க வைப்பதோடு, தொட்டியின் இரும்பையும் உள்ளிருந்தே அரிக்கிறது. அரித்து மெலிந்த தொட்டி வெடித்தால் பட்டறையில் எவருக்கும் தப்பிக்க நேரமிருக்காது. சேஃப்டி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதும், தொட்டியைக் குறித்த காலத்தில் நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்துவதும் ஏர் டிரிலின் பராமரிப்பில் சேர்ந்தவையே.

வேலை முடிந்ததும் சட்டையில் ஒட்டிய தூளை ஏர் ஹோஸால் ஊதிக்கொள்வது நம் பட்டறைகளில் அன்றாடக் காட்சி. அழுத்தக் காற்று தோலில் உள்ள சிறு காயத்தின் வழியே உள்ளே புகுந்து இரத்த ஓட்டத்தில் குமிழியானால் உயிருக்கே ஆபத்து. காதில் பட்டால் செவிப்பறை கிழியும். விளையாட்டாக ஒருவர் உடம்பில் இன்னொருவர் ஹோஸை வைத்து ஊதியதால் குடல் கிழிந்து இளைஞர்கள் இறந்த செய்திகள் நம் நாட்டில் மீண்டும் மீண்டும் வருகின்றன. இது விளையாட்டாகக் கருதத் தக்கதல்ல என்று வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே சொல்ல வேண்டும். சுத்தம் செய்ய பிரஷ் போதும்.

தொட்டிக்குள்ளும் டேங்கருக்குள்ளும்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தொட்டி, குழி, குழாய் போன்ற குறுகிய இடங்களுக்குள் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கையடக்க மின்கருவியைத் தக்க பாதுகாப்பு அமைப்பு இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று 36ஏ பிரிவில் வரையறுத்தது. 18 வோல்ட் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனாலும் 21 வோல்ட்டுதான். ஏர் டிரிலில் வோல்ட்டே இல்லை. ஆக, 230 வோல்ட் டிரில் இங்கே தானாகவே விலகிவிடுகிறது.

நாமக்கல் பக்கத்து டேங்கர் லாரிகளில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். ஏர் டிரில் தீப்பொறி தராது என்று நம்பி, எரிவாயுவோ பெட்ரோலோ இருந்த தொட்டியைத் துளைக்கக் கூடாது. பிட்டும் இரும்பும் உரசும் இடத்தில் சூடும் பொறியும் எழும். ஹோஸுக்குள் காற்று ஓடுவதால் நிலைமின்னூட்டமும் சேரலாம். தொட்டியை முழுதாகக் கழுவி, வாயு இல்லை என்று கருவியால் அளந்து உறுதி செய்யாதவரை மூன்று டிரில்களில் எதற்கும் அங்கே அனுமதியில்லை.

கம்ப்ரசர் பழுதான நாளில் அருகில் நிற்கும் கேஸ் கட்டிங் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஏர் டிரிலுக்கு இணைப்புக் கொடுக்கும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. டிரிலுக்குள் இருக்கும் எண்ணெயும் அழுத்த ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

ஓசையும் கண்ணும்

ஏர் டிரில் வெளியேற்றும் காற்றின் சீறல் 85 முதல் 95 டெசிபல் வரை போகும். நம் தொழிற்சாலைகளில் நெடுநாளாகப் பின்பற்றப்படும் வரம்பு, எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல். நான்கைந்து பேர் ஒரே கூரையின் கீழ் தகட்டில் துளையிடும் பாடிப் பட்டறையில் காதடைப்பான் இல்லாமல் வேலை வாங்குவது, அவர்களின் கேட்கும் திறனைச் சம்பளத்தோடு சேர்த்து எடுத்துக்கொள்வதாகும். சைலன்சர் உள்ள மாடலையும், காற்றைக் கைப்பிடியின் அடிப்பக்கமாக வெளியேற்றும் மாடலையும் தேர்ந்தெடுக்கலாம். முன்பக்கமாக வெளியேற்றினால் இரும்புத்தூள் கண்ணை நோக்கிக் கிளம்பும். கண்ணாடி மூன்று கருவிகளுக்கும் கட்டாயம். துண்டு, துப்பட்டா, மணிக்கட்டுக் கயிறு, தளர்ந்த நூல் கையுறை ஆகியவை சுழலும் பிட்டின் அருகே இருக்கக் கூடாது.

எந்த வேலைக்கு எதை வாங்குவது

ஏர் டிரில் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதில்லை. கம்ப்ரசருக்குள் போகும் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் கருவிமுனையில் வேலையாகக் கிடைக்கிறது. 10 மில்லிமீட்டர் ஏர் டிரில் ஒன்று தொடர்ந்து ஓட நிமிடத்துக்கு 15 முதல் 20 கன அடிக் காற்று வேண்டும். ஒரு குதிரைத்திறன் கம்ப்ரசர் ஏறத்தாழ 4 கன அடி தரும் என்பதால், ஒரே டிரிலுக்கு 4 அல்லது 5 குதிரைத்திறன் கம்ப்ரசர் தேவைப்படுகிறது. நாளுக்கு முப்பது துளை போடும் சிறு கூடத்துக்கு இந்தச் செலவு எவ்வகையிலும் தகாது. சிறிய கம்ப்ரசரை வாங்கி, அது இரைக்க இரைக்க ஓடி, அழுத்தம் போதாமல் தொழிலாளி டிரிலை உடல் எடையோடு அழுத்தும் நிலை வந்தால் பாதுகாப்பும் போய்விடுகிறது. கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ இரண்டு பேர் வேலை செய்யும் கூடத்துக்கு, உலர்ந்த தரை இருந்தால் இரட்டை இன்சுலேஷன் கரண்ட் டிரிலும் ஆர்சிசிபியும் போதும்; கையில் பணம் இருந்தால் பேட்டரி டிரில் இன்னும் நல்லது.

சாயப்பட்டறையின் பராமரிப்பு ஆளுக்குப் பேட்டரி டிரில்தான் ஏற்றது. அவர் இன்று ஒரு மூலையில், நாளை மொட்டை மாடியில் வேலை செய்பவர். ஈரத் தரையில் ஹோஸை இழுத்துச் செல்வது, தடுக்கி விழ வழி செய்யும். பேட்டரியைத் தண்ணீர் படாத அலமாரியில் வைத்துச் சார்ஜ் செய்ய வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும்.

பேருந்துப் பாடிப் பட்டறைக்கு ஏர் டிரிலைவிடப் பொருத்தமானது இல்லை. 4.8 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு 5 மில்லிமீட்டர் துளை, அலுமினியத் தகட்டில், வரிசை வரிசையாக, நாள் முழுவதும். அலுமினியத்தில் அந்தப் பிட்டுக்கு நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு மேல் வேகம் தேவை. திருகுவிசை மிகக் குறைவாகவே தேவை. அதைத்தான் சிறிய ஏர் டிரில் தருகிறது. எடையும் ஏறத்தாழ ஒரு கிலோதான். பேட்டரியோடு சேர்ந்து ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரும் டிரிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து மேற்கூரைத் தகட்டைத் துளைப்பவரின் தோளுக்கு இந்த வேறுபாடு மாலைக்குள் தெரிந்துவிடும். ரிவெட் கருவிக்காக அங்கே ஏற்கெனவே ஏர் லைன் இருப்பதும் வழக்கம். வார்ப்பாலைக்கும் தூளின் காரணமாக ஏர் டிரிலையே பரிந்துரைப்பேன்.

அப்படி ஏர் டிரிலை முடிவு செய்தவர்கள், டிரிலின் விலையை மட்டும் பார்த்து மதிப்பீடு போடக் கூடாது. ஃபில்டர், ரெகுலேட்டர், எண்ணெய் சொட்டும் லூப்ரிகேட்டர் ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்பு, பின்னல் ரப்பர் ஹோஸ், கழற்றும்போது முதலில் காற்றை வெளியேற்றிவிட்டுப் பிறகு விடுவிக்கும் பாதுகாப்புக் கப்ளர், ஒவ்வொரு ஆளுக்கும் கண்ணாடி, காதடைப்பான் ஆகியவற்றையும் அதே ஆர்டரில் எழுத வேண்டும். டிரிலின் விசையிலிருந்து விரலை எடுத்ததும் அது தானாக மீண்டு நிற்கிறதா என்று கடையிலேயே காற்று மாட்டிப் பார்த்து வாங்க வேண்டும். விசையை அழுத்திய நிலையில் பூட்டிவைக்கும் பொத்தான் உள்ள மாடலைத் தவிர்க்க வேண்டும். மின்தடைக்குப் பிறகு கம்ப்ரசர் மீண்டும் ஓடத் தொடங்கும்போது, பூட்டிய விசையோடு மேசைமேல் கிடக்கும் டிரில் தானாகச் சுழலத் தொடங்கும். தொட்டியின் தண்ணீரைத் தினமும் யார் திறந்துவிடுவார், லூப்ரிகேட்டரில் யார் எண்ணெய் ஊற்றுவார் என்பதைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்து, அவருக்கு அதற்கான பத்து நிமிடத்தை வேலை நேரத்துக்குள்ளேயே கொடுக்க வேண்டும்.